கையில் நரம்பு அழுந்தும்போது: இடத்தைக் கண்டறிவதும் சரிசெய்வதும்

கை மரத்துப்போகிறது என்று சொல்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது எவ்வளவு வலிக்கிறது என்பது அன்று. எந்த விரல் மரத்துப்போகிறது என்பதுதான். கட்டைவிரலும் சுட்டுவிரலும் மரத்தால் ஒரு நோய், சுண்டுவிரல் மரத்தால் வேறொரு நோய், விரல்களில் உணர்ச்சி ஓரளவு சரியாக இருந்தும் மணிக்கட்டைத் தூக்க முடியாமல் கை தொங்கினால் அது மூன்றாவது நோய். மூன்றையும் ‘நரம்பு அழுந்திவிட்டது’ என்ற ஒரே பெயரால் அழைத்து, ஒரே மாத்திரையையும் ஒரே பட்டையையும் பயன்படுத்துவதால்தான் பலருக்கு மாதக்கணக்கில் குணம் தெரிவதில்லை. நரம்பு அழுந்தும் இடம் ஒன்றாகவும், அறிகுறி தெரியும் இடம் வேறாகவும் இருப்பது இந்த நோயின் இயல்பு. எனவே, நோகும் இடத்துக்கு மருந்து தேடுவதற்கு முன் அழுந்தும் இடத்தைத் தேட வேண்டும்.

நரம்பு என்ற சொல்லே நம்மைக் குழப்பக்கூடியது. புறங்கையில் பச்சையாகப் புடைத்துத் தெரியும் இரத்தக்குழாயையும், மணிக்கட்டில் கயிறுபோல் தட்டுப்படும் தசைநாணையும் பேச்சு வழக்கில் நரம்பு என்றே சொல்கிறோம். இங்கே பேசப்படுவது அவையல்ல. தண்டுவடத்திலிருந்து கிளம்பி விரல் நுனிவரை உணர்ச்சியையும் அசைவையும் கடத்தும் நரம்பு. முழங்கையின் உட்புற எலும்பு எதிலாவது இடித்தவுடன் சுண்டுவிரல்வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீரென்று இழுக்குமே, அப்போது அடிபடுவது உண்மையான நரம்பு.

முதலில் விலக்க வேண்டியவை

கையின் நரம்பு அழுத்தம் பெரும்பாலும் அவசர நோய் அன்று. ஆனால் அதைப் போலத் தோன்றும் சில நோய்கள் உயிரைப் பறிக்கக்கூடியவை என்பதால், வேறு எதையும் செய்வதற்கு முன் இவற்றை விலக்கியாக வேண்டும். ஒரு கை திடீரென்று வலுவிழந்து, அதனுடன் வாய் கோணுதலோ பேச்சுக் குழறலோ சேர்ந்திருந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். சில நிமிடங்களில் சரியாகிவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நெஞ்சில் இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவற்றுடன் கையில் வலி இறங்கினால் மாரடைப்பை நினைக்க வேண்டும். இரண்டு கைகளிலும் பொத்தான் போடுவது போன்ற நுண்ணிய வேலைகள் தடுமாறி, நடையும் தள்ளாடி, சிறுநீர் கழிப்பதிலும் மாற்றம் தெரிந்தால் கழுத்தில் அழுந்துவது நரம்பு வேர் (தண்டுவடத்திலிருந்து நரம்பு கிளம்பும் தொடக்கப் பகுதி) மட்டுமன்று, தண்டுவடமே அழுந்துகிறது என்று பொருள். எலும்பு முறிந்தோ நசுங்கியோ கை கல்லைப்போல் இறுகி வீங்கி, விரலைச் சற்று நீட்டினாலும் தாங்கமுடியாத வலி எழுந்தால், சில மணி நேரத் தாமதம்கூடத் தசைகளை நிரந்தரமாக அழித்துவிடும்.

நரம்பு அழுந்தினால் என்ன நடக்கிறது

கழுத்தின் ஐந்தாவது முதல் எட்டாவது வரையிலான வேர்களும் மார்பின் முதல் வேரும் ஒன்றோடொன்று பின்னி, தோளைக் கடந்தபின் கைக்கான முக்கிய நரம்புகளாகப் பிரிகின்றன. அவற்றுள் நாம் அறிந்துகொள்ள வேண்டியவை மூன்று: மீடியன், அல்நார், ரேடியல். மூன்றும் எலும்புக்கும் நார்ப்பட்டைக்கும் இடையிலுள்ள குறுகிய சந்துகள் வழியாகச் செல்ல வேண்டியிருப்பதால், அச்சந்துகளிலேயே பெரும்பாலும் அழுந்துகின்றன. மணிக்கட்டிலுள்ள சந்தில் மீடியன் நரம்புடன் ஒன்பது தசைநாண்களும் நெருக்கியடித்துக்கொண்டு செல்கின்றன. அவற்றின் உறை சற்று வீங்கினாலும் விட்டுக்கொடுக்க இடமில்லை. அச்சந்தின் அழுத்தம் இயல்பாக 10 மில்லிமீட்டர் பாதரசத்துக்கும் குறைவு. அது சுமார் 30 அளவைத் தொடும்போது நரம்புக்குள் ஓடும் நுண்ணிய இரத்தக்குழாய்களில் ஓட்டம் தடைபடுகிறது. மணிக்கட்டை முழுவதும் மடக்கினாலோ பின்னால் வளைத்தாலோ அழுத்தம் பல மடங்கு ஏறிவிடும். தூக்கத்தில் நம்மையறியாமல் மணிக்கட்டை மடக்கிக்கொள்கிறோம் என்பதால்தான் நள்ளிரவில் கை மரத்து விழிப்பு வருகிறது.

தொடக்கத்தில் நடப்பது இரத்தத் தட்டுப்பாடு மட்டுமே. கையை உதறினால் சரியாகிவிடும். அழுத்தம் நீடித்தால் நரம்பிழையைச் சுற்றியுள்ள மயலின் உறை தேய்கிறது. இதுவும் அழுத்தம் நீங்கினால் சில வாரங்களிலிருந்து சில மாதங்களில் சீராகிவிடும். அதற்கும் மேல் போனால் இழையே அறுந்து, அது ஆளும் தசை சூம்பத் தொடங்குகிறது. அறுந்த இழை ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வேகத்தில்தான் மீண்டும் வளரும். நரம்புத் தொடர்பின்றி ஒன்றரை ஆண்டுக்கு மேல் கிடந்த தசை, இழை வந்து சேர்ந்தாலும் பெரும்பாலும் உயிர்பெறுவதில்லை. சிகிச்சையில் எதற்குப் பொறுத்திருக்கலாம், எதற்குப் பொறுக்கக்கூடாது என்ற முடிவுகள் அனைத்தும் இந்த மூன்று படிகளிலிருந்தே பிறக்கின்றன. வந்துவந்து போகும் மரப்புக்குக் காலம் இருக்கிறது. எப்போதும் நிலைத்துவிட்ட மரப்புக்கும் தசைச் சூம்பலுக்கும் காலம் இல்லை.

விரல்களைக் கொண்டு வரைபடம் போடுதல்

ஒரு தாளில் இரு கைகளின் உள்ளங்கையையும் புறங்கையையும் கோட்டுருவமாக வரைந்து, மரப்பு எங்கே, வலி எங்கே என்று ஒரு வாரம் குறித்துவையுங்கள். எந்த நேரத்தில் வந்தது, அப்போது மணிக்கட்டும் முழங்கையும் எப்படி இருந்தன, எதைச் செய்தபின் தணிந்தது என்பதையும் எழுதுங்கள். மருத்துவரிடம் இந்தத் தாள் தரும் தகவல், ‘கை முழுவதும் மரக்கிறது’ என்ற ஒரு வரியைவிடப் பல மடங்கு பயனுள்ளது. உண்மையில் கை முழுவதும் மரக்கிறது என்று சொல்பவர்களில் பலர், கவனித்துப் பார்க்கச் சொன்னால், சுண்டுவிரலில் ஒன்றுமில்லை என்று மறுநாள் திருத்திச் சொல்வார்கள்.

கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலின் நடுவிரல் பக்கப் பாதி ஆகியவை மரத்து, இரவில் விழிப்பு வந்து, கையை உதறினால் தணிகிறது என்றால் மணிக்கட்டில் மீடியன் நரம்பு அழுந்துகிறது. இதுவே கார்ப்பல் டனல் நோய். இங்கே மோதிரவிரல் ஒரு நல்ல சாட்சி: அதன் ஒரு பாதி மரத்து மறு பாதி தெளிவாக இருந்தால் கோளாறு கழுத்தில் இல்லை, கைக்கு இறங்கிய நரம்பில் இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். உள்ளங்கையின் கட்டைவிரல் மேட்டுத் தோலுக்குச் செல்லும் கிளை அந்தச் சந்துக்குள் நுழையாமல் மேலாகச் செல்வதால், கார்ப்பல் டனல் நோயில் அவ்விடத்தில் உணர்ச்சி சரியாகவே இருக்கும். மேடும் மரத்திருந்தால் அழுத்தம் மணிக்கட்டுக்கு மேலே எங்கோ இருக்கிறது.

சுண்டுவிரலும் மோதிரவிரலின் அடுத்த பாதியும் மரத்தால் அது அல்நார் நரம்பு. முழங்கையின் உட்புற எலும்புக்குப் பின்னாலுள்ள பள்ளத்தில் அது அழுந்துவதே மிகுதி. முழங்கையை மடக்கும்போது அந்தப் பள்ளம் ஒடுங்குவதோடு நரம்பும் இழுபடுகிறது. தொலைபேசியைக் காதில் வைத்து நெடுநேரம் பேசுபவர்களுக்கும், மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றி உட்காருபவர்களுக்கும் இது வரக் காரணம் அதுதான். இதே நரம்பு உள்ளங்கையின் அடிப்பகுதியிலும் அழுந்தலாம். நீண்ட தூரம் மிதிவண்டி ஓட்டுபவர்களிடம் அதைப் பார்க்கலாம். இரண்டையும் பிரித்தறியப் புறங்கையைப் பாருங்கள். புறங்கையின் சுண்டுவிரல் பக்கமும் மரத்திருந்தால் கோளாறு முழங்கையில். புறங்கை தெளிவாக இருந்தால் மணிக்கட்டில்.

ரேடியல் நரம்பின் கதை வேறு. ஆழ்ந்த உறக்கத்தில், அதிலும் மதுமயக்கத்தில், நாற்காலியின் முதுகில் கையைத் தொங்கவிட்டோ கைமேலேயே படுத்தோ உறங்கி விழித்தால், மணிக்கட்டையும் விரல்களையும் மேலே தூக்க முடியாமல் போகலாம். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட புறங்கைத் தோல் மட்டும் மரத்திருக்கும். மணிக்கட்டு தொங்குவதால் பிடியும் தளர்ந்ததுபோல் தோன்றும். ஆனால் இன்னொருவர் மணிக்கட்டை நேராகத் தாங்கிப் பிடித்தால் பிடி திரும்பிவிடும். இறுக்கமான கைக்கடிகாரமோ வளையலோ அதன் மேற்கிளையை மட்டும் அழுத்தினால் வலுவிழப்பே இல்லாமல் புறங்கையில் எரிச்சல் மட்டும் வரும். அதைக் கழற்றி வைப்பதே பெரும்பாலும் போதும்.

கழுத்திலிருந்து வருவதற்குத் தனி அடையாளம் உண்டு. கழுத்தைத் திருப்பினாலோ பின்னால் சாய்த்தாலோ தோள்பட்டையிலிருந்து கீழே வலி பாயும். கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டால் தணியும். ஆறாவது வேர் என்றால் முன்கையின் வெளிப்புறமும் கட்டைவிரலும், ஏழாவது என்றால் நடுவிரலும், எட்டாவது என்றால் சுண்டுவிரலும் மரக்கும். ஏழாவது வேர் பாதித்தால் முழங்கையை நீட்டும் தசை தளரும். கார்ப்பல் டனல் நோயில் அது ஒருபோதும் தளராது. சிலருக்குக் கழுத்திலும் மணிக்கட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்தம் இருப்பதுண்டு என்பதால், ஒன்றைக் கண்டுபிடித்தவுடன் தேடுவதை நிறுத்திவிடக்கூடாது.

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள்

இரு புறங்கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டி, விரல்கள் கீழ்நோக்கி இருக்குமாறு மணிக்கட்டுகளை மடக்கி ஒரு நிமிடம் வைத்திருங்கள். வழக்கமான விரல்களில் மரப்பு எழுந்தால் இது ஃபேலன் சோதனையில் நேர்மறை. இதைவிட எளியது, மணிக்கட்டு மடிப்புக்குச் சற்று கீழே உள்ளங்கையின் நடுவில் மறு கையின் கட்டைவிரலால் 30 விநாடிகள் அழுத்திப் பார்ப்பது. நரம்பின் மேல் விரல் நுனியால் மெல்லத் தட்டும்போது விரலுக்குச் சுரீரென்று பாய்வது டினெல் அறிகுறி. ஜூல் டினெல் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1915-இல், முதல் உலகப் போரில் காயமுற்ற வீரர்களின் நரம்புகளைக் கவனித்து இதை விவரித்தார். முழங்கைக்கு, மணிக்கட்டை நேராக வைத்து முழங்கையை முழுவதும் மடக்கி ஒரு நிமிடம் முதல் மூன்று நிமிடம் வரை காத்திருந்து சுண்டுவிரலைக் கவனிக்க வேண்டும். இச்சோதனைகள் எதுவும் தனியாக நின்று தீர்ப்பு வழங்காது. நோயில்லாதவருக்கும் சில நேரம் நேர்மறையாக வரும், முற்றிய நோயில் நரம்பு உணர்விழந்து எதிர்மறையாகவும் வரும். விரல் வரைபடத்துடன் ஒத்துப்போனால் மட்டுமே அவற்றுக்கு மதிப்பு.

வலிமையைச் சோதிப்பது உணர்ச்சியைச் சோதிப்பதைவிட முக்கியம். இரு கைகளின் கட்டைவிரல் மேடுகளையும் அருகருகே வைத்து, ஒன்று மட்டும் தட்டையாகவோ குழிந்தோ இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு தாளைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலின் பக்கவாட்டுக்கும் இடையில் பிடித்துக்கொண்டு இன்னொருவரை இழுக்கச் சொல்லுங்கள். தாளை விடாதிருக்கக் கட்டைவிரலின் நுனிக் கணு மடங்கினால் அல்நார் நரம்பு ஆளும் தசை தளர்ந்துவிட்டது. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையேயான புறங்கைத் தசை பள்ளமாகத் தெரிவதும் அதே செய்தியைச் சொல்கிறது. இவற்றில் ஏதேனும் ஒன்று தென்பட்டால், கீழே சொல்லப்படும் வீட்டு வழிகளில் வாரங்களைச் செலவிடாமல் நேரே நரம்பியல் மருத்துவரிடமோ கை அறுவை மருத்துவரிடமோ செல்ல வேண்டும்.

மருத்துவர் கேட்கும் பரிசோதனைகள்

நரம்புக் கடத்தல் பரிசோதனையில், நரம்பின் ஓரிடத்தில் சிறு மின்தூண்டலைக் கொடுத்து அது மற்றோர் இடத்தை அடைய எடுக்கும் நேரத்தை அளக்கிறார்கள்; அழுந்திய இடத்தைக் கடக்கும்போது வேகம் குறையும். ஈ.எம்.ஜி. என்பது தசைக்குள் மெல்லிய ஊசியைச் செலுத்தி, இழைகள் அறுந்திருக்கின்றனவா என்று பார்ப்பது. திடீரென்று ஏற்பட்ட பாதிப்பில் முதல் வாரத்திலேயே ஈ.எம்.ஜி. எடுத்தால் அது சரியாக இருப்பதுபோல் ஏமாற்றக்கூடும். ஏறத்தாழ மூன்று வாரம் கழிந்தபின்தான் முழுப் படம் கிடைக்கும். அல்ட்ராசவுண்டில் அழுந்திய இடத்துக்கு முன்னால் நரம்பு வீங்கியிருப்பதைப் பார்க்கலாம், கட்டியோ நீர்க்கட்டியோ இருந்தாலும் தெரியும். கழுத்தின் மேல் சந்தேகம் இருந்தால் மட்டுமே எம்.ஆர்.ஐ. தேவை. வயதானவர்கள் பலரின் கழுத்து எம்.ஆர்.ஐ. படத்தில், எந்தத் தொல்லையும் இல்லாதவர்களிடம்கூட, தேய்வும் எலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டின் பிதுக்கமும் தெரியும் என்பதால், அறிகுறியோடு பொருந்தாத படத்தை நம்பிச் சிகிச்சை தொடங்குவது தவறு என்பது என் உறுதியான கருத்து.

இரத்தப் பரிசோதனையைப் பலர் தேவையற்றது என்று நினைக்கிறார்கள். ஆனால் நீரிழிவும், தைராய்டுக் குறைவும், மூட்டுகளை வீங்கவைக்கும் முடக்குவாதமும் சந்துகளை நெருக்கவோ நரம்பைப் பலவீனப்படுத்தவோ செய்கின்றன. வைட்டமின் பி12 குறைபாடு, அழுத்தமே இல்லாமல் மரப்பைத் தரும். கால்களும் சேர்ந்து மரத்தால் இவற்றைத்தான் முதலில் தேட வேண்டும்.

இடத்துக்கேற்ற சிகிச்சை

மணிக்கட்டுக்கு முதல் சிகிச்சை, உறங்கும்போது அணியும் பட்டை. அதன் வேலை மணிக்கட்டை மடங்காமலும் பின்னால் வளையாமலும் நேராக வைப்பது மட்டுமே. கடையில் கிடைக்கும் பல பட்டைகளின் உள்ளே இருக்கும் உலோகத் தகடு, மணிக்கட்டைச் சற்றுப் பின்னால் வளைத்து வைக்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். அதை உருவி எடுத்துத் தட்டையாக நிமிர்த்திச் செருகிக்கொள்ளுங்கள். விரல்கள் மடங்கத் தடையில்லாமலும், பட்டை இறுகிப் பதியாமலும் இருக்க வேண்டும். ஓரிரண்டு இரவுகளில் தீர்ப்புக் கூறாமல் குறைந்தது ஆறு வாரம் விடாமல் அணிய வேண்டும். பகலில் முழு நேரமும் அணிந்தால் மூட்டு இறுகுமே தவிர, பெரிய கூடுதல் பயன் இல்லை. கருவுற்றிருக்கும்போது வரும் மரப்பு, பெரும்பாலும் பிள்ளை பிறந்த சில வாரங்களிலிருந்து சில மாதங்களில் தணிந்துவிடுவதால், அவர்களுக்குப் பட்டையே போதும்.

பட்டையால் தணியாவிட்டால், சந்துக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி அடுத்த படி. சில நாட்களிலேயே நல்ல நிவாரணம் தரும். ஆனால் பலருக்குச் சில மாதங்களில் தொல்லை திரும்புகிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கு ஊசி போட்டபின் சில நாட்கள் சர்க்கரை ஏறும் என்பதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். சாதாரண வலி மாத்திரைகள் வலியை மட்டுப்படுத்தினாலும் மரப்பைக் குறைப்பதில்லை. நரம்புக்குச் சத்து என்று தரப்படும் பி6 மாத்திரையைத் தாமாகவே அதிக அளவில் மாதக்கணக்கில் விழுங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பி6 மிகுந்தால் அதுவே நரம்பைக் கெடுத்துக் கைகால்களில் மரப்பை உண்டாக்கும். அதுபோலவே, அழுந்திய நரம்பின் மேல் வலிக்க வலிக்க நீவுவதும், கையைச் சொடுக்கி இழுப்பதும் ஏற்கெனவே நெருக்கடியில் இருக்கும் நரம்புக்கு மேலும் அடி கொடுப்பதேயாகும்.

முழங்கைக்கு, இரவில் அது மடங்காமல் பார்த்துக்கொள்வதே மருந்து. ஒரு துண்டைச் சுருட்டி முழங்கையைச் சுற்றித் தளர்வாகக் கட்டிக்கொண்டால், கை ஓரளவுக்கு மேல் மடங்காது; விறைப்பான பட்டையைவிட இதைத் தாங்கிக்கொண்டு உறங்குவது எளிது. பகலில் முழங்கையை ஊன்றுவதை நிறுத்தி, தொலைபேசிக்கு இயர்ஃபோனைப் பயன்படுத்துங்கள். மணிக்கட்டைப் போல முழங்கையில் ஸ்டீராய்டு ஊசியால் தெளிவான பயன் காணப்படவில்லை. நரம்பு வழுக்கிச் செல்லும் பயிற்சிகளை இயன்முறை மருத்துவரிடம் கற்றுச் செய்யலாம். அவை நரம்பை இழுக்கும் பயிற்சிகள் அல்ல, செய்தபின் மரப்பு நீடித்தால் அளவு மிகுந்துவிட்டது என்று பொருள்.

உறக்க அழுத்தத்தால் தளர்ந்த ரேடியல் நரம்பு பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து சில மாதங்களில் தானாகவே மீளும். அதுவரை மணிக்கட்டைத் தூக்கிப் பிடிக்கும் தாங்கியை அணிந்து, மறு கையால் விரல்களைத் தினமும் முழுவதும் நீட்டி மடக்கி மூட்டுகள் இறுகாமல் காக்க வேண்டும். கழுத்து வேர் அழுத்தமும் பலருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் அறுவையின்றி அடங்கிவிடுகிறது. எரிச்சலும் ஷாக் அடிப்பது போன்ற வலியும் மிகுந்தால் அதற்கான தனி மருந்துகளை மருத்துவர் எழுதித் தருவார். கழுத்தை வேகமாகத் திருப்பிச் சொடுக்கு எடுக்க யாரையும் அனுமதிக்காதீர்கள்.

அறுவை எப்போது

மரப்பு நிலைத்துவிட்டாலோ, தசை சூம்பத் தொடங்கினாலோ, பரிசோதனையில் இழை இழப்பு தெரிந்தாலோ அறுவையைத் தள்ளிப்போடக்கூடாது. மிதமான நோயில் சில மாத முயற்சிக்குப் பின்னும் உறக்கம் கெடுகிறது என்றால் அப்போதும் அது நியாயமான தேர்வே. மணிக்கட்டில், சந்தின் கூரையாக இருக்கும் குறுக்கு நார்ப்பட்டையை வெட்டிவிடுகிறார்கள். இடத்தை மட்டும் மரக்கச் செய்து, சில நிமிடங்களில் முடிந்து, அன்றே வீடு திரும்பும் அறுவை இது. திறந்து செய்தாலும் உட்காட்டிக் கருவி கொண்டு செய்தாலும் சில மாதங்கள் கழிந்தபின் பலன் ஏறத்தாழ ஒன்றே. முழங்கையில் நரம்பின் மேலுள்ள நார்ப்பட்டையை விடுவிப்பதே பலருக்குப் போதுமானது. முழங்கையை மடக்கும்போது நரம்பு எலும்பின்மேல் நழுவுகிறவர்களுக்கு அதை முன்புறமாக இடம் மாற்றி வைப்பதுண்டு.

இரவு விழிப்பு பலருக்கு முதல் சில நாட்களிலேயே நின்றுவிடும். உள்ளங்கையின் அடிப்பகுதியில் ஊன்றும்போது எழும் வலியும் பிடித் தளர்ச்சியும் இரண்டு மூன்று மாதம் இருக்கும். இது தவறிய அறுவையின் அடையாளம் அன்று. அறுவை முடிந்த நாளிலிருந்தே விரல்களை அசைத்துக்கொண்டிருக்க வேண்டும். மரப்பின் மீட்சி மட்டும் நரம்பின் வேகத்திலேயே நடக்கும். முழங்கையில் இழை அறுந்திருந்தால் அங்கிருந்து கையின் சிறு தசைகள்வரை ஏறத்தாழ 30 சென்டிமீட்டர், அதாவது நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில் பத்து மாதம். அந்த மாதங்களில், நரம்பின் பாதையில் விரலால் தட்டிக்கொண்டே சென்று, சுரீரென்று பாயும் இடம் மாதந்தோறும் கைநுனியை நோக்கி நகர்கிறதா என்று குறித்துவருவது, உள்ளே இழை வளர்வதை வெளியிலிருந்து தெரிந்துகொள்ள உதவும் எளிய வழி. இரண்டு மூன்று மாதமாக அந்த இடம் நகராமல் ஒரே புள்ளியில் நின்றால், அடுத்த முறை வரச்சொன்ன நாள்வரை காத்திராமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.